சத்தம் சாகிற இடம்

கணவர் கரீமுல்லா விஷக்காய்ச்சலில் இறந்த மறுவருஷம், ராயப்பேட்டையில் டாக்டர் துரைராஜ் நடத்திய நர்ஸிங் ஹோமில் ஹாஜிரா பீ ஆயாவாகச் சேர்ந்தாள். துணி அலசுவாள். கட்டு மாற்றும்போது தட்டைப் பிடிப்பாள். பர்தாவை விட்டு வெளியே வராத கோஷாப் பெண்கள் வந்தால் டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று பேசுவாள். இப்படியே ஐந்து வருஷம் போயிற்று. 1930இல் அந்த மிஷின் வந்தது.

மிஷினைக் கட்டியவர் ரகுபதி என்ற மயிலாப்பூர்க்காரர். ஒரு காலேஜில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். இருபத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடி, எப்போதும் சட்டைப் பையில் ஒரு திருப்புளி. மேஜை அகலத்துக்குத் தேக்குப் பெட்டி, உள்ளே ரேடியோ வால்வுகள், பக்கத்தில் பாட்டரிகள். அது என்ன செய்கிறது என்று ஹாஜிராவுக்கு அவரே சொன்னார்.

"உசிருள்ள சதை கரண்டைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கும். நல்ல சதை கொஞ்சமாப் பிடிக்கும். கெட்ட கட்டி நெறையப் பிடிக்கும். செகண்டுக்கு ஆயிரம் தரம் அதிர்ற கரண்டை விட்டு ஒரு தடவை அளக்கறோம். பத்தாயிரம் தரம் அதிர்றதை விட்டு இன்னொரு தடவை அளக்கறோம். ரெண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தா, மார்ல இருக்கற கட்டி நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சுடும். கத்தியே வேண்டாம்."

"கண்ணுக்குத் தெரியுமா ஐயா?"

"காதுக்குத் தெரியும்."

உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்த இரண்டு வெள்ளிக் கிண்ணிகளைக் கட்டியின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். காதில் மாட்டிய கருவியில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பெட்டியின் குமிழைத் திருகினால் சத்தம் மெலிந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் அடங்கிப்போகும். இன்னும் திருகினால் மறுபடி எழும்பும். அடங்கிய இடத்தில் முள் காட்டும் எண்தான் கணக்கு.

முதலில் ரகுபதி திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார். ஹாஜிரா இந்தப் பக்கம் கிண்ணியைப் பிடித்தாள். கிண்ணி கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லாம் தவறிப்போயிற்று. "இன்னும் கீழ, இல்லை மேல" என்று அவர் திரை வழியாகக் கத்த, பெண்கள் கூச்சத்தில் சுருண்டார்கள். ஒரு மாதம் பட்ட பாட்டுக்குப் பிறகு அவர் கிண்ணிகளை ஒரு பட்டையில் தைத்துக் கட்டும்படி செய்தார். காதுக் கருவியையும் குமிழையும் ஹாஜிராவிடமே கொடுத்தார்.

அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ரகுபதிக்குக் கேட்காத மெல்லிய சத்தம் அவளுக்குக் கேட்டது. "சத்தம் சாகிற இடம்" என்று அவள்தான் அதற்குப் பேர் வைத்தாள். எண்ணை அவள் திரைக்கு அப்பால் சொல்ல, அவர் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிவைச் சொல்வார். முப்பதுக்கு மேலே போனால் கெட்டது. கீழே இருந்தால் நல்லது.

முதல் வருஷம் மிஷின் என்ன சொன்னாலும் டாக்டர் அறுவை செய்தார். எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இருபத்தாறு பெண்கள். இருபத்தாறிலும் மிஷின் சொன்னது சரியாக இருந்தது. இருபத்தாறாவது முடிவு வந்த அன்று டாக்டர் துரைராஜ், எடின்பரோவில் படித்த மனிதர், எதற்கும் அசையாதவர், ரகுபதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஹாஜிராவைப் பார்த்து, "உன் காது தங்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு, நல்லது என்று மிஷின் சொன்ன பெண்களை அவர் அறுக்கவில்லை. ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். சேதி பரவியது. கத்தி இல்லாமல், ஆம்பிளை கை படாமல், ஒரு பொம்பிளையே காதில் வைத்துக் கேட்டுச் சொல்லிவிடுகிறாள் என்று மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் மூடு வண்டியில் வந்தார்கள். சின்னக் கட்டியோடு, கட்டியே இல்லாத வெறும் பயத்தோடுகூட வந்தார்கள்.

அப்படி ஒரு நாள் ஜமீலுன்னிசா வந்தாள்.

ஜமீலா கரீமுல்லாவின் தங்கை. ஹாஜிராவுக்கு நாத்தனார். கணவர் இனாயத்துக்கு ஜாம் பஜாரில் தையல் கடை. வீடு ஹாஜிராவின் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. கரீமுல்லா போன பிறகு ஹாஜிராவைத் தனியாக விடாமல் சோறும் பேச்சுமாகத் தாங்கியவள் அவள்தான். முப்பத்தொரு வயது. எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்.

குளிக்கும்போது இடது பக்கம் கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஹாஜிராவின் கையைப் பிடித்து அங்கே வைத்தாள்.

"இன்னா பாபி இது?"

ஹாஜிராவின் விரல் அதற்குள் எத்தனையோ கட்டிகளைத் தொட்டிருந்தது.

"வெட்டணும்னா வெட்டிடச் சொல்லு. ரெண்டு நாளா அழுது முடிச்சுட்டேன். பொண்ணுக்கு இப்பத்தான் எட்டு வயசு. எனக்கு உசுரு இருந்தா போதும்."

"மொதல்ல மிஷின்ல பாப்போம். அது நல்லதுன்னு சொல்லிச்சுன்னா எதுக்கு வெட்டிக்கினு?"

இதைச் சொன்னவள் ஹாஜிராதான். பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும், அந்த வாக்கியத்தை வேறு யார் வாயிலும் வைக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை பட்டையைக் கட்டினாள். குமிழைத் திருகினாள். சத்தம் மெலிந்து வந்தது. ஆனால் முழுக்க அடங்கவில்லை. அடியில் ஈ ரீங்கரிக்கிற மாதிரி ஏதோ மிச்சம் இருந்தது.

"ஐயா, இது முழுசா சாவலை. இன்னாவோ இழுத்துக்கினே கீது."

"பஞ்சு காய்ஞ்சிருக்கும். நனைச்சுட்டு மறுபடி பாருங்கோ."

நனைத்துக் கட்டினாள். அப்போதும் இருந்தது, கொஞ்சம் குறைவாக. எண்களைச் சொன்னாள். திரைக்கு அப்பால் பென்சில் ஓடும் சத்தம். "இருபத்துநாலு" என்றார் ரகுபதி.

டாக்டர் வந்து, ஹாஜிராவை அருகில் நிற்க வைத்து, துணிக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. "கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு சீட்டைப் பார்த்தார். "இருபத்துநாலு. சரி. கத்தி வேணாம்மா. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டு."

ஜமீலா படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் காதுக்குள் ஓடியது. சாயங்காலம் இனாயத் ஒரு தூக்கு நிறைய ஜர்தா என்ற இனிப்புச் சோறு கொண்டுவந்து நர்ஸிங் ஹோமில் எல்லோருக்கும் கொடுத்தார். ஹாஜிராவும் சாப்பிட்டாள்.

ஐந்தாம் மாதம் கட்டி எலுமிச்சங்காய் ஆயிற்று. அக்குளில் இன்னும் இரண்டு. டாக்டர் பார்த்தார், இந்தத் தடவை மிஷினைப் பற்றி யாரும் பேசவில்லை. "இப்ப அறுத்துப் பிரயோஜனம் இல்லை" என்றார். வலிக்கு மருந்து எழுதினார். சீட்டில் எண் எழுதுகிற இடத்தை வெறுமே விட்டார்.

ஜமீலா கிடந்தது நாலு மாதம். முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. அப்போதும் அவள் ஹாஜிராவை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தபோது, கேட்டாள்:

"பாபி, அந்தப் பொட்டியை இங்க தூக்கியாரச் சொல்லேன். இன்னொரு தரம் கேட்டுப் பாரு. இப்ப இன்னா நம்பர் சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்."

"எதுக்குடி அது?"

"இப்பவும் இருபத்துநாலுன்னு சொல்லிச்சுன்னா, நான் எழுந்து சோறாக்கப் போயிடுவேன்."

சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் முதுகு வலித்தது. ஒன்பது நாள் கழித்து இறந்தாள்.

ஹாஜிரா ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. எட்டாம் நாள் போனாள். வேறு எங்கே போவது? குமிழைத் திருகினாள். எண்ணைச் சொன்னாள். மிஷின் மேல் அவளுக்கு அப்போதும் கோபம் இல்லை. ஒரு தடவை தவறியது. மனிதர் செய்தது எதுதான் தவறாது? டாக்டர் அதைத் தம் நோட்டில் எழுதியிருப்பார், இனிமேல் கவனமாக இருப்பார்கள் என்று நினைத்தாள்.

டிசம்பரில் டாக்டரும் ரகுபதியும் பம்பாயில் நடந்த வைத்திய மகாநாட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்த அன்று நர்ஸிங் ஹோம் வாசலில் மாவிலைத் தோரணம். பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு லட்டு கொடுத்து, அதைத் தமிழில் சொன்னார்.

"நாற்பத்தொரு பேரைப் பார்த்தோம். மிஷின் ஒரு பக்கம், மைக்ராஸ்கோப் ஒரு பக்கம். நாற்பத்தொண்ணும் ஒத்துப்போச்சு. ஒரு தப்பு கிடையாது. வெள்ளைக்காரனே எழுந்து நின்னு கை தட்டினான்."

கூட்டம் கலைந்த பிறகு ஹாஜிரா அவர் அறை வாசலில் நின்றாள். லட்டு கையில் அப்படியே இருந்தது.

"ஐயா, எங்க ஜமீலா எத்தினியாவது நம்பரு?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அது கணக்குல வராதும்மா."

"ஏன் ஐயா?"

"அவளை அறுக்கலையே. அறுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்தாத்தான் அது முடிவான கேஸ். சயன்ஸுன்னா அப்படித்தான். முடிவு தெரியாததை எப்படிச் சேர்க்கிறது?"

"முடிவு தெரியாதா? செத்துப்போனாளே ஐயா."

"எனக்கும் வருத்தம்தான் ஹாஜிரா. ஆனா சாவு வேற, ஸ்லைடு வேற. போ, போய் வேலையைப் பாரு."

அவள் போனாள். உப்புத் தண்ணீர் கலக்கினாள். பஞ்சை நனைத்தாள். அன்று வந்த பெண்ணுக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அது அவளுக்கு விளங்கியது. கை நின்றுவிட்டது. கெட்டது என்று சொன்னால் அறுக்கிறார்கள், மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். நல்லது என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் போனவளுக்கு மைக்ராஸ்கோப் கிடையாது. அப்படியானால் நல்லது என்று மிஷின் சொன்னது தப்பு என்று எப்போதுதான் தெரியும்? தெரியவே வழியில்லை. ஜமீலா மாதிரி பத்துப் பேர் செத்தாலும் நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருக்கும்.

"இன்னா ஆச்சும்மா?" என்றாள் படுத்திருந்தவள்.

"ஒண்ணுமில்லை. மூச்சை இழுத்து வுடுங்க."

அப்படி வீட்டுக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று அவளிடம் எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொருத்தியையும் அவள் தொட்டிருந்தாள். எந்த மார்பில் எந்தப் பக்கம், எந்த ஊர் வண்டியில் வந்தாள், யார் கூட வந்தார்கள் என்பது நினைவிருந்தது. விரல் விட்டு எண்ணினாள். ஜமீலாவோடு இருபத்திரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேட ஆரம்பித்தாள். புர்காவைப் போட்டுக்கொண்டு, டிராமிலும் நடந்துமாகப் போனாள். முதல் வீடு பக்கத்துத் தெரு. பீடி ஏஜெண்டு காதரின் மனைவி. நன்றாக இருந்தாள், தேநீர் கொடுத்தாள். அடுத்த மூன்று பேரும் நன்றாக இருந்தார்கள். மிஷின் ஜமீலா விஷயத்தில் மட்டும்தான் தவறிவிட்டதோ என்று ஹாஜிராவுக்கே தோன்றியது. அப்படி இருந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது. இருந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

ஐந்தாவதாக மயிலாப்பூருக்குப் போனாள். தெற்கு மாட வீதியில் ஜானகி என்ற பெண்ணின் வீடு. வாசல் குறட்டுக்குக் கீழேயே நின்று கூப்பிட்டாள். மாமியார் வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு நீ?"

"டாக்டர் துரைராஜ் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன். ஜானகியம்மாவைப் பாக்கணும்."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" அந்த அம்மாளின் குரல் உயரவில்லை. "அவ போய்ச் சேர்ந்து எட்டு மாசமாறது. நீங்க ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்த சீட்டை ஸ்வாமி அலமாரியில வெச்சுண்டு தெனம் கும்பிட்டிண்டிருந்தா."

அடையாற்றங்கரையில், ஓலைக் குடிசைகள் இருக்கும் இடத்தில், வேம்பு என்ற சலவைக்காரப் பெண்ணைத் தேடினாள். குடிசையில் வேறு குடும்பம் இருந்தது. "அது மாருல புண்ணு வெச்சு செத்துப்போச்சே. புருசன் புள்ளைங்களை இட்டுக்கினு செங்கல்பட்டாண்ட போயிட்டான்" என்றாள் பக்கத்துக் குடிசைக்காரி. லஸ் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் இன்னொருத்தி படுக்கையில் கிடந்தாள். ஹாஜிராவை உள்ளேயே விடவில்லை, ஆனால் வாசல் வரை வந்த புண்ணின் நாற்றம் அவளுக்குத் தெரிந்த நாற்றம்.

மூன்று மாதத்தில் இருபத்திரண்டு பேரில் பதினேழு பேரைப் பற்றித் தெரிந்துகொண்டாள். ஜமீலாவோடு மூன்று பேர் செத்திருந்தார்கள். ஒருத்தி சாகக் கிடந்தாள். பதின்மூன்று பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

ரகுபதியிடம்தான் முதலில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். அவள் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் எழுதினார்.

"மொத வருஷம் வந்தவா எல்லாம் கட்டி முத்திப்போய் வந்தவா" என்றார் மெதுவாக. "பெரிசா இருந்தா மிஷினுக்கு நன்னாத் தெரியறது. அப்புறம் பேர் பரவி, சின்னதா இருக்கறப்பவே வர ஆரம்பிச்சா. சின்னதுல சுத்தியிருக்கற நல்ல சதையும் சேர்ந்து அளவாயிடறது... நான் அதை யோசிச்சிருக்கணும். நீங்க அன்னிக்கு சத்தம் அடங்கலேன்னு சொன்னேளே."

"சொன்னேன் ஐயா."

"பஞ்சு காய்ஞ்சிருக்கும்னேன்."

"ஆமா."

"நான் டாக்டர்ட்ட பேசறேன். மகாநாட்டுக்கும் எழுதறேன். இதை அச்சுல திருத்தியாகணும்."

அவர் அதை உண்மையாகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் பம்பாய் மகாநாட்டில் படித்த கட்டுரையைப் பார்த்து லண்டனில் ஒரு காலேஜ் அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து அழைத்திருந்தது. கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதை அவர் ஹாஜிராவிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. அவர் பேசவில்லை. ஹாஜிரா தானே டாக்டரிடம் போனாள். பெயர்களைச் சொன்னாள், தெருக்களைச் சொன்னாள். டாக்டர் கடைசி வரை கேட்டார். அவர் முகம் சிவக்கவில்லை.

"செத்துப்போனாங்கன்னு சொல்றியே, அவங்கள்ல ஒருத்தியையாவது அறுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்களா?"

"இல்லை ஐயா."

"அப்ப எதால செத்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? காசநோய் இருக்கலாம். பிரசவம் இருக்கலாம். பொம்பளைங்க எத்தனையோ விதத்துல சாவறாங்க."

"ஜமீலாவை நீங்களே பாத்தீங்களே ஐயா. உங்க வெரலு அன்னிக்கே சொல்லிச்சே, கெட்டியா கீதுன்னு. நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

அப்போதுதான் டாக்டருக்குக் கோபம் வந்தது. அவரது மிஷினைப் பற்றி அவள் சொன்ன எதற்கும் வராத கோபம். எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"என் நோயாளிங்க வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு கிலி கிளப்பறது உன் வேலை இல்லை. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

வேலை போன பிறகு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உயிரோடு இருந்த பதின்மூன்று பேரில் ஒருத்தியைப் பற்றிய நினைவு அவளைத் தூங்கவிடவில்லை. தியாகராய நகரில், புதிதாகக் கட்டிய வீடுகள் இருக்கும் தெருவில், சுலோச்சனா. கணவர் செக்ரடேரியட்டில் குமாஸ்தா. சீட்டில் இருந்த எண் பத்தொன்பது. போன தடவை போனபோது சுலோச்சனா அவளை உள்ளே அழைத்துக் காட்டினாள். கட்டி முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. ஹாஜிராவின் விரலுக்கு அது ஜமீலாவின் கட்டி மாதிரியே இருந்தது.

மறுபடி போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஜமீலாவைச் சொன்னாள், ஜானகியைச் சொன்னாள்.

"டாக்டரு நல்லதுன்னு கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்காரே" என்றாள் சுலோச்சனா.

"அவங்களுக்கும் கொடுத்தாரும்மா. நீங்க சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நான் கூட வரேன். வெட்டி எடுத்துடலாம். உசுரு தப்பிச்சாப் போதும்."

மூன்று தடவை போய்ப் பேசினாள். கணவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். மூன்றாம் தடவை சுலோச்சனா அழுதுகொண்டே சரி என்றாள். கணவரிடம் அவளே சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினாள். ஆஸ்பத்திரியில் பெரிய சர்ஜன் தொட்டுப் பார்த்துவிட்டு, காத்திருக்க முடியாது என்றார். இடது மார்பு முழுவதையும் எடுத்தார்கள். ஹாஜிரா நாலு நாள் வார்டு வாசலில் கிடந்தாள். வெந்நீர் வாங்கிக்கொடுத்தாள், கட்டில் துணி மாற்றினாள். ஜமீலாவுக்குச் செய்யத் தவறியதைச் செய்துவிட்டதாக அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. மூன்றாம் நாள் இனாயத் வந்து பார்த்தார். "ஒரு உயிராவது பிழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் மைக்ராஸ்கோப் முடிவு வந்தது. கட்டி நல்லது. வெறும் நார்க் கட்டி. விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்காது.

சுலோச்சனாவின் கணவர் அந்த முடிவை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் துரைராஜிடம் போனார். நீங்கள் சொன்னதைக் கேட்காமல் ஒரு ஆயா பேச்சைக் கேட்டு என் பெண்டாட்டியை அரைப் பெண்ணாக்கிவிட்டேன் என்று அவர் அங்கே அழுததாகச் சொன்னார்கள். டாக்டர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

இதை ஹாஜிராவுக்கு வந்து சொன்னவர் ரகுபதி. கப்பலேறுவதற்கு நாலு நாள் இருந்தது. சந்து முனையில் நின்று ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"கட்டுரையைப் புஸ்தகமாப் போடறார்" என்றார். "அதுல இந்தக் கேஸையும் சேர்த்துட்டார். மிஷின் பத்தொன்பதுன்னு சொல்லித்து, மைக்ராஸ்கோப்பும் நல்லதுன்னு சொல்லித்து. முடிவான கேஸ். இப்ப நாற்பத்திரண்டு."

"நீங்க எழுதறேன்னு சொன்னீங்களே ஐயா."

"எழுதினேன். அனுப்பலை." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்க போய் மிஷினைச் சரியாப் பண்ணிட்டு, அப்புறம் எழுதலாம்னு..."

"புஸ்தகத்துல உங்க பேரு கீதா?"

"இருக்கு."

"எம் பேரு?"

அவர் பணம் வைத்த ஒரு கவரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் அதைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மிஷின் தியாகராய நகரில் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போயிற்று. காதில் கருவி மாட்டிக்கொள்ள ஒரு ஆங்கிலோ இந்திய நர்ஸை வைத்தார்கள். வாசலில் மோட்டார்கள் நின்றன.

ஹாஜிராவுக்கு அடையாறு பக்கம் ஒரு மருத்துவச்சி அம்மாளிடம் பிரசவ வேலை கிடைத்தது. சேருவதற்கு முன்பு ஒரு காலை நேரம் சுலோச்சனா வீட்டுக்குப் போனாள். போக வேண்டாம் என்று இனாயத் தடுத்தார். கதவைத் திறந்தது சுலோச்சனாவேதான். புடவைத் தலைப்பை இடது பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு" என்றாள் சுலோச்சனா. "அந்த மிஷின் எனக்குச் சரியாத்தானே சொல்லிச்சு?"

"ஆமாம்மா. உங்களுக்குச் சரியாத்தான் சொல்லிச்சு."

"அப்புறம் ஏன் என்னைக் கொண்டுபோய் அறுக்க வெச்சே?"

"ஜானகியம்மாவுக்குத் தப்பா சொல்லிச்சும்மா. எங்க ஜமீலாவுக்குத் தப்பா சொல்லிச்சு. வெரலால தொட்டுப் பாத்தா நீங்க மூணு பேரும் ஒண்ணாத்தான் இருந்தீங்க. எது எதுன்னு எனக்குத் தெரியலை. யாருக்கும் தெரியலை."

"ஜானகி யாரு எனக்கு?" என்றாள் சுலோச்சனா. "ஜமீலா யாரு எனக்கு? நான் அவங்க முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்த ஹாஜிரா, எதற்கு என்று சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். செய்தது தப்பு என்று சொன்னால் செத்த மூன்று பேரும் பொய் ஆகிவிடுவார்கள். தப்பு இல்லை என்று இந்தப் பெண்ணின் முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

"இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றாள் சுலோச்சனா. சத்தம் போடாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஹாஜிரா பனகல் பார்க் வரை நடந்து வந்து ஒரு மரத்தடியில் நின்றாள். கண்டுபிடிக்காமல் விட்ட ஐந்து பேரில் ஒருத்தி சைதாப்பேட்டையில் இருப்பதாக முந்தின நாள்தான் கேள்விப்பட்டிருந்தாள். கண்டுபிடித்தால் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சைதாப்பேட்டை போகிற பக்கமாக நடந்தாள்.